கொட்டைக்கரந்தையை மாடித் தொட்டியில் பூக்க வைக்க: பெங்களூருக்கான சேற்று முறை

அறுவடை முடிந்த வயலிலும், வற்றிக்கொண்டிருக்கும் ஏரியின் ஓரத்திலும் தரையை ஒட்டிப் படர்ந்து, ஊதாவும் கருஞ்சிவப்பும் கலந்த உருண்டைப் பூக்களோடு நிற்கும் செடி கொட்டைக்கரந்தை. தாவரவியலில் ஸ்பேராந்தஸ் இண்டிகஸ். சூரியகாந்திக் குடும்பம். ஒரே ஒரு பருவம்தான் அதன் ஆயுள்: சேற்றில் முளைத்து, ஈரம் இருக்கும்போது வளர்ந்து, தரை காயக் காயப் பூத்து, வெடித்த மண்ணில் விதையை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும்.

நாட்டு மருந்துக் கடையில் இதன் பெயரைக் கேட்டவர்கள் நிறையப் பேர். வீட்டில் வளர்த்துப் பார்த்தவர்கள் குறைவு. முயன்றவர்களும் பெரும்பாலும் மல்லிகைக்கும் துளசிக்கும் செய்வதையே இதற்கும் செய்கிறார்கள். கோகோபீட் கலவை நிரப்பிய தொட்டியில் விதையைத் தூவி, தினம் காலையில் பூவாளியால் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒன்று முளைக்காது, முளைத்தாலும் விரல் உயரத்தில் அழுகும். இந்தச் செடிக்கு உரமோ மண்ணின் தரமோ இரண்டாம் பட்சம். தண்ணீர் எப்போது நிற்கிறது, எப்போது இறங்குகிறது, எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதுதான் முதல். அந்தக் கணக்கை ஒரு தொட்டிக்குள் கொண்டுவந்துவிட்டால் மீதியைச் செடி பார்த்துக்கொள்ளும்.

சேற்றை நம்பி வாழும் ஓராண்டுச் செடிகள் உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் கடல் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம், 240 கிலோமீட்டர் உள்ளே, டிராய் நகரத்து அணை வரைக்கும் ஏறி இறங்குகிறது. அதன் மேல்பகுதியில் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், உப்பில்லை. அதுபோன்ற ஓதச் சேற்றில் பிடென்ஸ் ஈட்டோனி என்கிற அபூர்வமான மஞ்சள் பூச்செடி முளைக்கிறது. நாளுக்கு இரண்டு தடவை முழுகி, இரண்டு தடவை வெளியே வந்து, அப்படியே பூக்கிறது. பெங்களூரில் காலி மனைகளில் நடந்தால் பேன்ட்டில் ஊசி ஊசியாக ஒட்டிக்கொள்ளும் விதைக்காரச் செடியும் பிடென்ஸ்தான். கொட்டைக்கரந்தையும் அதே பெருங்குடும்பம். ஈட்டோனிக்கு ஓதம் நாளுக்கு இரண்டு தடவை செய்வதை, நம் ஏரி கொட்டைக்கரந்தைக்கு வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிறது. ஓதத்தை மாடியில் உண்டாக்குவது பெரும்பாடு. ஏரி வற்றுவதை உண்டாக்க நான்கு அடைப்பான் போதும்.

தொட்டி

45 செ.மீ. அகலமும் 35 செ.மீ. உயரமும் உள்ள பிளாஸ்டிக் டப் ஒன்று வாங்குங்கள். கட்டட வேலைக்கு விற்கும் கறுப்பு டப் மலிவு, வெயிலையும் தாங்கும். சிமெண்ட் தொட்டி வேண்டாம். எடை அதிகம், புதுசாக இருந்தால் சுண்ணாம்பும் கசியும்.

இதில் சேறு 18 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். அது சுமார் 28 லிட்டர். ஈரத்தோடு 45 முதல் 50 கிலோ. மேலே 8 செ.மீ. தண்ணீர் என்றால் இன்னும் 12 லிட்டர். ஆக ஒரு தொட்டி 60 கிலோவைத் தொடும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்குப் பொதுவாகப் போடும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ. எனவே தொட்டிகளை நடுத்தளத்தில் கூட்டமாக வைக்காமல், சுவரோரமாக, பீம் ஓடும் வரிசையில், ஒன்றுக்கொன்று ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது. இடத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். நேரடி வெயில் 6 மணி நேரம் விழ வேண்டும். அபார்ட்மென்ட்டின் கிழக்குப் பால்கனியில் காலை 3 மணி நேர வெயில்தான் கிடைக்கும் என்றால் இந்தச் செடியை விட்டுவிடுங்கள். நெட்டையாக வளர்ந்து சாயுமே தவிர ஒழுங்காகப் பூக்காது.

டப்பின் பக்கச்சுவரில், அடியிலிருந்து அளந்து, 2, 10, 18, 22 செ.மீ. உயரங்களில் நான்கு துளைகள் போடுங்கள். ஹார்டுவேர் கடையில் அரை இன்ச் டேங்க் நிப்பிளும் (தொட்டிச் சுவரில் பொருத்தும் குட்டைக் குழாய்) அதற்கு என்ட் கேப்பும் (மேலே சொன்ன அடைப்பான்) கிடைக்கும். உள்ளே வெளியே இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் போட்டு இறுக்குங்கள். சேற்றுக்குள் போகும் துளைகளின் உள்வாயில் கொசுவலைத் துண்டை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். இல்லையென்றால் கேப்பைத் திறந்ததும் தண்ணீரோடு சேறும் வந்து நிப்பிளை அடைத்துவிடும். 18-ல் உள்ள துளை சேற்றின் மேல்மட்டம். 22 அதற்கு மேலே 4 செ.மீ., 10 அதற்குக் கீழே 8 செ.மீ. 2 என்பது அவசரத்துக்கு முழுவதும் வடிக்க.

இன்னொரு பாகம், கட்டாயம் வேண்டும்: ஒன்றேகால் இன்ச் பிவிசி குழாய், 30 செ.மீ. நீளம். கீழ்ப்பாதியில் சுற்றிலும் சிறு துளைகள் போட்டு வலை சுற்றி, சேறு நிரப்பும்போதே தொட்டியின் அடிவரை நிறுத்திவிடுங்கள். மேல்பகுதி சேற்றுக்கு மேலே 12 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். நெல்வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுகிறவர்கள் நடும் நீர்மட்டக் குழாயின் சின்ன வடிவம் இது. ஒரு ஈர்க்குச்சியை உள்ளே விட்டு எடுத்தால், நனைந்த இடத்தை வைத்து மண்ணுக்குக் கீழே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். தண்ணீர் ஊற்றுவதும் இதே குழாய் வழியாகத்தான். விதைத்த பிறகு மேலிருந்து ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது.

சேறு

களிப்பான செம்மண் 2 பங்கு, கழுவிய மணல் 1 பங்கு, நன்றாக மக்கிய இலையுரம் அரைப் பங்கு. பெங்களூரில் ஆற்று மணல் கிடைப்பது கஷ்டம், எம்-சாண்டே போதும். ஆனால் அதில் கல்தூள் நிறைய இருக்கும். பக்கெட்டில் போட்டுக் கலக்கி, மேலே வரும் சாம்பல்நிறத் தண்ணீரை மூன்று தடவை கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். கல்தூள் அப்படியே போனால் சேறு காயும்போது பலகையாக இறுகும்.

மண்ணில் களி போதுமா என்று பார்க்க, ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். முதல் நிமிஷத்தில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாள் படிந்திருப்பது களி. மொத்தப் படிவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை களி இருந்தால் சரி. குறைந்தால் தண்ணீர் மேலே ஏறாது. கூடினால் வெடிப்பு பெரிதாக விழும்.

கோகோபீட் சேர்க்காதீர்கள், தண்ணீர் விட்டதும் மிதக்கும். பச்சைச் சாணம் கூடவே கூடாது, மண்புழு உரமும் இரண்டு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். தண்ணீருக்கடியில் காற்றில்லாமல் இவை அழுகும்போது சேறு கறுத்து, அழுகின முட்டை நாற்றம் வரும். அந்த வாயு இளம் வேரைக் கொல்லும். இந்தச் செடிக்குத் தனியாகச் சத்து போட வேண்டிய அவசியமும் இல்லை. செம்மண்ணில் இரும்போடு கட்டுண்டு கிடக்கும் பாஸ்பரஸ், மண் முழுகிக் காற்றிழக்கும்போது தானாக விடுபடுகிறது. மூன்று வாரம் முழுகிய சேறு உரமிட்ட மாதிரிதான்.

ஏரிச் சேற்றையே அள்ளி வந்தால் என்ன என்று தோன்றும். பெங்களூர் ஏரிகள் பலவற்றில் சாக்கடை கலக்கிறது. பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கித் தீப்பிடித்ததை ஊரே பார்த்தது. அந்தச் சேற்றில் கன உலோகங்கள் தங்கியிருக்கும். ஆகாயத்தாமரை விதையும், ஒரு கணு கிடைத்தால் போதும் துளிர்த்துவிடும் முதலைக்களையின் தண்டும் கூடவே வரும். வேண்டாம்.

விதை

பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி. தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் ஊர் இருந்தால், சம்பா அறுத்த வயலில் கொட்டைக்கரந்தை தை மாதத்தில் பூத்து நிற்கும். ஆனால் பொங்கலுக்குப் போகும்போது பறிக்காதீர்கள், அப்போது அது பூ, விதை அல்ல. மாசியில், சிவராத்திரியை ஒட்டி, உருண்டை முழுவதும் பழுப்பாகி விரலால் நெருக்கினால் உதிரும் பதத்தில் எடுங்கள். ஒரு தொட்டிக்கு 10 உருண்டை தாராளம். ஒரே செடியில் எல்லாவற்றையும் பறிக்காமல், நாலைந்து செடியிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் அடுத்த வருஷத்துக்கு அந்த வயலிலும் விதை இருக்கும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ந்த கொட்டைக்கரந்தையை விதைக்கு நம்ப முடியாது. மருந்துக்கென்று பூப்பருவத்திலேயே பறித்துக் காயவைக்கிறார்கள், விதை முற்றியிருக்காது. எத்தனை வருஷச் சரக்கு என்றும் தெரியாது. சிவகரந்தை என்று விற்பது வேறு இனம், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உருண்டையை உள்ளங்கையில் தேய்த்து, டீ வடிகட்டியில் சலித்து, வெள்ளைத் தாளில் கொட்டி மெதுவாக ஊதுங்கள். பதர் பறக்கும். விதை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். இந்தக் குடும்பத்தில் பல செடிகளுக்கு இருப்பதுபோல் பஞ்சுக் குஞ்சம் இதற்குக் கிடையாது. காற்றில் பறக்காமல் தாய்ச்செடியின் காலடியிலேயே விழுவதற்குக் காரணம் அதுதான். நகத்தால் அழுத்திப் பாருங்கள். நசுங்கினால் பதர், நகத்துக்கு எதிர்ப்புக் கொடுத்தால் விதை. பாதிக்கு மேல் பதராக இருந்தாலும் பயப்பட வேண்டாம். காகிதக் கவரில் போட்டு, எவர்சில்வர் டப்பாவில், அடுப்படியிலிருந்து தள்ளி வைத்துக் கோடையைத் தாண்ட விடுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

தண்ணீரை ஏற்றி இறக்குதல்

ஆகஸ்ட் கடைசியில் மண்கலவையைத் தொட்டியில் 18 செ.மீ. வரை நிரப்பி, குழாய் வழியாகத் தண்ணீர் விட்டு நன்றாகப் படிய விடுங்கள். மேலிருந்து கொட்டினால் நடுவில் காற்றுப் பைகள் சிக்கும். படிந்து இறங்கியதும் மேலே கொஞ்சம் கலவை சேர்த்து மட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

செப்டம்பர் மூன்றாவது வாரம் எல்லா கேப்பையும் மூடி, சேற்றுக்கு மேல் 8 செ.மீ. தண்ணீர் நிறுத்துங்கள். மழைத் தண்ணீர் சிறந்தது. காவிரிக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம். போர்வெல் தண்ணீர் கடினத்தன்மை கூடியது, காயும்போது மண்மேல் வெள்ளைப் பொருக்கு பூக்கும். வேறு வழியில்லை என்றால் மட்டும். இந்த நிலையில் மூன்று வாரம். தரைக்களைகளின் நாற்று இதில் செத்துவிடும், மண்ணும் பக்குவப்படும்.

இந்த மூன்று வாரம்தான் கொசுவுக்கும் வாய்ப்பு. டெங்கு பரப்பும் ஏடிஸ் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒன்று ஒன்றரை வாரம் போதும். டப்பின் வாய்முழுக்கக் கொசுவலையை எலாஸ்டிக் வைத்து இறுக்கிக் கட்டுங்கள். குழாயின் வாயையும் மூடுங்கள், அதை எல்லோரும் மறக்கிறார்கள். புழு கண்ணில் பட்டால் யோசிக்காமல் 22-ம் 18-ம் திறந்து வடித்து, மறுபடி நிரப்புங்கள். தண்ணீர் இறங்கி வெறும் ஈரச்சேறாக ஆனபின் கொசுவுக்கு அங்கே இடமில்லை, குழாய் வாய் மட்டும் மூடியே இருக்கட்டும்.

அக்டோபர் 10-ம் தேதி வாக்கில் 22 செ.மீ. கேப்பைத் திறந்துவிடுங்கள். நான்கு நாள் கழித்து 18-ஐத் திறவுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் திறந்தால் மேல்படலம் சட்டென்று காய்ந்து, அப்பளம் போலச் சுருண்டு எழும். மெதுவாக இறங்கினால் களி மெல்லிய அடுக்காகப் படிந்து வழுவழுப்பாக இருக்கும். விதைப்பு நேரம் அதுதான்: சேறு வெயிலில் பளபளக்க வேண்டும், ஆனால் எங்கும் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. விரலை வைத்து எடுத்தால் ரேகை பதிந்து, பள்ளம் தண்ணீரால் நிரம்பாமல் நிற்க வேண்டும்.

பெங்களூரில் இது ஐப்பசி முதல் வாரத்தில் அமையும். ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி உலர்ந்த மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். மண் போட்டு மூடாதீர்கள். இவ்வளவு சின்ன விதை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் புதைந்தால் மேலே வருவதற்குள் அதில் இருக்கும் உணவு தீர்ந்துவிடும். தண்ணீர் நிற்கும்போதே தூவுவதும் தப்பு. விதை மிதந்து போய் டப்பின் ஓரத்தில் வளையமாக ஒதுங்கி அங்கேயே நெருக்கி முளைக்கும்.

ஐப்பசி மழை சாயங்காலத்தில் கொட்டும் மழை. முதல் இரண்டு வாரம் சாய்வாக ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை, காற்று போக இடம் விட்டு, மேலே கட்டுங்கள். 18 செ.மீ. கேப்பை இந்தப் பருவம் முடியும் வரை மூடவே மூடாதீர்கள். எவ்வளவு மழை வந்தாலும் நாற்று முழுகாமல் காப்பது அந்த ஒரு துளைதான்.

முளைத்த பிறகு

இரண்டு வாரத்துக்குள் பச்சைப் புள்ளிகள் தெரியும். முதல் நான்கு வாரம் குழாய்க்குள் நீர்மட்டம் சேற்றுக்குக் கீழே 2–3 செ.மீ.யில் இருக்கட்டும். தினமும் ஈர்க்குச்சி வைத்துப் பார்த்து, குறைந்தால் குழாயில் ஊற்றுங்கள். செடி நான்கு இலை விட்டதும் 5 அல்லது 6 செடி மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் சேற்றோடு வரும்.

வெட்டும்போது எது நம் செடி என்பதில் தெளிவு வேண்டும். அதே சேற்றில் கரிசலாங்கண்ணி, நீர்மேல்நெருப்பு, கோரை எல்லாம் வரும். கரிசலாங்கண்ணிக்கும் நீர்மேல்நெருப்புக்கும் இலைகள் எதிரெதிராக இருக்கும். கொட்டைக்கரந்தைக்கு மாறி மாறி வரும். இலை நுனிப்பக்கம் அகன்று, விளிம்பில் பல் வெட்டு, மேலே மென்மையான பிசுபிசுப்பு ரோமம். கசக்கினால் வாசனை தூக்கும். எல்லாவற்றையும் விட உறுதியான அடையாளம் தண்டில் இருக்கிறது: இலைக்குக் காம்பு கிடையாது, இலையின் அடிப்பகுதியே தண்டின் இரு பக்கமும் சிறகாகக் கீழே இறங்கும், அந்தச் சிறகின் ஓரத்திலும் பல் இருக்கும். லென்ஸ் தேவையில்லை, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தெரியும். பூக்காம்பிலும் இதே பல் வைத்த சிறகு ஓடும்.

நவம்பர் கடைசியில், செடி விரல் நீளத்தைத் தாண்டியதும், 10 செ.மீ. கேப்பைத் திறந்து நீர்மட்டத்தை 8 செ.மீ. கீழே இறக்குங்கள். வேர் தண்ணீரைத் தேடி ஆழமாகப் போகும். மார்கழிக் குளிரில் பெங்களூரின் இரவு 15–16 டிகிரிக்கு வரும்போது வளர்ச்சி மந்தப்படும். அதைப் பார்த்துவிட்டு யூரியா கரைத்து ஊற்றாதீர்கள். இலை கொழுத்து, அசுவினி மொய்த்து, பூ தள்ளிப்போவதுதான் மிஞ்சும்.

எங்கே கெடுகிறது

சேற்றின் மேல் பச்சைப் பாசிப் படலம் படர்வதுதான் அடிக்கடி வரும் தொல்லை. மேல்மண் எந்நேரமும் நனைந்திருப்பதும் உரம் கூடியதும் காரணம். சுரண்டினால் நாற்றும் போகும். நீர்மட்டத்தை ஒரு சென்டிமீட்டர் இறக்கி, ஒரு பகல் மேற்பரப்பை வெளிற விடுங்கள். பாசி தானாகக் காய்ந்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

முட்டை நாற்றம் வந்தால் 2 செ.மீ. கேப்பைத் திறந்து முழுவதும் வடித்து, இரண்டு நாள் காற்று உள்ளே போக விட்டு, பிறகு புதுத் தண்ணீரைக் குழாய் வழியாக ஏற்றுங்கள். விதைப்புக்கு முன்னால் என்றால் எளிது. நாற்று இருக்கும்போது என்றால் ஒரே நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெடிப்பு நாற்றுப் பருவத்திலேயே விழுந்தால் வேர் அறுந்துபோகும். மேலே தண்ணீர் தெளித்து வெடிப்பை மூட முயலாதீர்கள். அதே கலவையை உலர்த்திப் பொடித்து வெடிப்புக்குள் தூவி, கீழிருந்து நீர்மட்டத்தை ஏற்றுங்கள். பூத்த பிறகு விழும் வெடிப்பு நல்லதே.

மழைக்காலத்தில் ஆப்பிரிக்க ராட்சத நத்தை மாடி வரைக்கும் ஏறுகிறது. ஒரே ராத்திரியில் தொட்டியைக் காலி செய்யும். டார்ச் அடித்துக் கையுறை போட்டுப் பொறுக்குங்கள். உப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், மழையில் கரைந்து சேற்றில் இறங்கினால் அந்தச் சேறு வீண்.

பூவும் விதையும்

தை மாதத்தில் கிளை நுனிகளில் உருண்டைகள் வரும். ஒரு பூ என்று நாம் நினைப்பது ஒரு பூ அல்ல. பல சிறு பூங்கொத்துகள் ஒரே உருண்டையாக அடைந்தது, ஒவ்வொரு கொத்திலும் சில நுண்பூக்கள். சிறு தேனீக்களும் பட்டாம்பூச்சிகளும் வரும், பூச்சிமருந்து எதுவும் அடிக்காதீர்கள். முதல் உருண்டை நிறம் பிடித்ததும் குழாயில் ஊற்றும் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். பிப்ரவரி கடைசியில் முற்றிலும் நிறுத்துங்கள். ஈரம் தொடர்ந்தால் செடி இலையிலேயே இருக்கப் பார்க்கும், மண் காய்ந்தால்தான் விதையை முற்ற வைக்கும்.

மருந்துக்கு என்று இதை எடுப்பதாக இருந்தால் சித்த மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். வளர்ப்பு முறை வேறு, மருந்து முறை வேறு.

பெங்களூரில் சீரமைத்த ஏரிகள் பலவற்றில் இப்போது சுத்திகரித்த கழிவுநீர் வருஷம் முழுக்க நிரம்பி நிற்கிறது, கரையைச் சுற்றி நடைபாதை. பார்க்க அழகுதான். ஆனால் தண்ணீர் இறங்காத ஏரியில் சேற்றுப் பட்டை வெளியே வராது. அந்தப் பட்டை இல்லாத இடத்தில் கொட்டைக்கரந்தைக்கும் மாசிப்பத்திரிக்கும் செருப்படைக்கும் முளைக்க இடமே இல்லை. ஏரிக்குழுவில் இருப்பவர்கள் ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விட்டு, கோடையில் தண்ணீர் இறங்க வழி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்காக உங்கள் தொட்டி விதையை எடுத்துப் போய் ஏரியில் தூவாதீர்கள். தொட்டியிலிருந்து வடிக்கும் தண்ணீரையும் பிடுங்கிய களையையும்கூட மழைநீர்க் கால்வாயில் கொட்ட வேண்டாம், அது கடைசியில் ஏதோ ஒரு ஏரிக்குத்தான் போகும்.

மார்ச்சில் பழுப்பான உருண்டைகளில் பாதியை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைத் தொட்டியிலேயே உதிர விடுங்கள். காய்ந்த செடியைத் தரையோடு வெட்டுங்கள். சேற்றைக் கிளறாதீர்கள், கிளறினால் மேலே கிடக்கும் விதை ஆழத்துக்குப் போய் முளைக்காமல் கிடக்கும். ஏப்ரல், மே வெயிலில் தொட்டி அப்படியே காயட்டும். ஜூன் முதல் மழை விழட்டும், 2 செ.மீ. கேப் மட்டும் திறந்திருந்தால் போதும். செப்டம்பரில் மறுபடி மூடி நிரப்பும்போது குழாய் வழியாக மெல்ல ஏற்றுங்கள், அப்போதுதான் மேல்மண் கலையாது. இரண்டாம் வருஷம் நாற்று நெருக்கமாக வரும், கத்தரிக்கோலுக்கு வேலை அதிகம்.